பாதுகாப்பு ஆணை இருக்கிறது, ஆனால் அவர் தினமும் எதிரே வந்து உட்காருகிறார். இது குற்றமா?

வாசகி ஒருவரின் கேள்வி, மலேசியாவின் கெடா மாநிலத்துப் படாங் செராய் பக்கமிருந்து — 14 ஜனவரி 2025

அக்காவை அடித்ததற்காக நவம்பரில் அத்தான் மீது வழக்குப் போட்டார்கள். அப்போது மாஜிஸ்திரேட் அக்காவுக்குப் பாதுகாப்பு ஆணையும் கொடுத்தார். அதற்குப் பிறகு அத்தான் அடிக்கவில்லை. ஆனால் அக்கா வேலை முடிந்து திரும்பும் நேரம் பார்த்து, லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) எதிரே உள்ள ஒட்டுக்கடையில் தேநீர் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். ஒரு வார்த்தை பேசுவதில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறார். அக்கா சன்னலைத் திறந்து ஆறு வாரம் ஆகிறது. போலீஸில் கேட்டால், "அவர் தொடவில்லையே, தேநீர் குடிப்பது குற்றமா?" என்கிறார்கள். குற்றமா இல்லையா? குற்றம் என்றால் என்ன தண்டனை?

14 ஜனவரி, இரவு

பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுதுகிறேன். காலையில் படித்ததிலிருந்து அந்தச் சன்னல் மனத்தை விட்டுப் போகவில்லை.

குற்றம்தான் தங்கச்சி. குடும்ப வன்முறைச் சட்டம் 1994, பிரிவு 9. ஆணையைத் தெரிந்தே மீறினால், அந்த மீறலே தனிக் குற்றம். 2,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மீறும்போது அடித்தால் 4,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அடித்து மீறியதற்காகத் தண்டனை பெற்றவர் திரும்பவும் அதையே செய்தால், 72 மணி நேரமாவது சிறையில் இருந்தே தீர வேண்டும். அது இரண்டு ஆண்டு வரை போகலாம், 5,000 வெள்ளி வரை அபராதமும் உண்டு.

இந்த எண்களை எந்த நேரத்தில் கேட்டாலும் சொல்வேன். 2019-இல் என் தங்கைக்காக நீதிமன்றத்துக்கு நடையாய் நடந்தபோது மனத்தில் பதிந்தவை.

15 ஜனவரி, காலை

நேற்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன். தூக்கம் வராமல் தங்கையின் பழைய ஆணையை எடுத்துப் படித்தேன். என் பதிலில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

பாதுகாப்பு ஆணையின் அடிப்படை ஒன்றுதான்: இந்தப் பெண்ணின் மீது வன்முறை செய்யாதே. எதிரே வராதே, தொலைபேசியில் அழைக்காதே, வேலையிடத்துக்குப் போகாதே என்பவை அதில் தாமாக அடங்கிவிடுவதில்லை. 6-ஆம் பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட் அவற்றைத் தனித்தனி நிபந்தனைகளாக எழுத வேண்டும். எழுதியிருந்தால், ஒட்டுக்கடையில் உட்காருவது மீறல். எழுதாவிட்டால், இன்றைய நிலையில் அந்த மனிதர் ஆணையை மீறவில்லை என்றுதான் சொல்வார்கள். உங்களிடம் பேசியவர் இதை மனத்தில் வைத்துச் சொன்னாரோ, உங்களை அனுப்பிவிட்டால் போதும் என்று சொன்னாரோ, எனக்குத் தெரியாது.

ஆகவே முதல் வேலை, அக்காவிடம் அந்தத் தாளை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். மலாய் மொழியில் இருக்கும். '50 மீட்டர்' என்று எங்காவது வருகிறதா? வீடு, வேலையிடம், பிள்ளைகளின் பள்ளி ஆகியவற்றின் பெயர் இருக்கிறதா? தொலைபேசி, கடிதம் பற்றி ஏதாவது? கைது செய்யும் அதிகாரம் ஆணையோடு சேர்க்கப்பட்டிருக்கிறதா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். அது சேர்ந்திருந்தால், மீறினார் என்று நியாயமாகச் சந்தேகிக்கும் போலீஸ்காரர் வாரண்டு இல்லாமலே அவரைக் கைது செய்யலாம். 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும்.

15 ஜனவரி, மதியம்

லாரி ஓட்டும் தம்பி ஒருவர் கேட்கிறார்: "50 மீட்டர் என்பது எவ்வளவு தூரம் அக்கா? யார் அளப்பது?"

நான் அளந்தேன். என் தொழில் தையல். தையல் நாடாவின் நீளம் 150 சென்டிமீட்டர். 2019-இல் ஒரு நாள் விடியற்காலை, ஆள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன், என் கடை வாசலிலிருந்து செம்மண் சாலையில் முட்டி போட்டு நாடாவை விரித்தேன். ஒவ்வொரு நீளத்துக்கும் துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டியால் ஒரு குறி. தங்கை பின்னாலேயே எண்ணிக்கொண்டு வந்தாள். முப்பத்து மூன்று நாடா முடிந்து இன்னும் ஒரு முழம். அங்கே ஒரு மின்கம்பம் இருந்தது. அன்று முதல் அந்தக் கம்பம் எங்களுக்கு எல்லை. கம்பத்துக்கு இந்தப் பக்கம் தங்கை கணவனின் மோட்டார் சைக்கிள் நின்றால் நேரத்தை எழுதுவேன். அந்தப் பக்கம் நின்றால் விட்டுவிடுவேன்.

தோட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு இன்னும் எளிய கணக்கு உண்டு. செம்பனையை ஒன்பது மீட்டருக்கு ஒன்றாக நடுகிறார்கள். ஆறு மரம் தள்ளி நின்றால் 50 மீட்டரைத் தாண்டிவிட்டார் என்று பொருள். தங்கை வேலை செய்த நிரையில் அவள் இப்படித்தான் கணக்குப் பார்ப்பாள்.

17 ஜனவரி

பெரியவர் ஒருவர் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் தோட்டத்து எழுத்தரான கிராணியிடமோ கோயில் தலைவரிடமோ சொன்னால் பேசித் தீர்த்துவைப்பார்கள் என்றும், இப்போது வீட்டு விஷயத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளின் தகப்பனைச் சிறையில் வைக்கிறார்கள் என்றும் சொல்கிறார்.

ஐயா, அந்தக் காலத்தில் நானும் லயத்தில்தான் வளர்ந்தேன். எங்கள் வரிசையில் ஆறாவது வீட்டு அத்தையை அவர் கணவர் சம்பள நாள் இரவுகளில் அடிப்பார். சம்சு சாராய வாடை முதலில் வரும், சத்தம் பிறகு வரும். பலகைச் சுவர் என்பதால் ஆறு வீட்டுக்கும் கேட்கும். நீங்கள் சொல்வதுபோலவே கோயிலில் பேசினார்கள். கற்பூரத்தை அணைத்து இனி அடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அத்தைக்கு ஒரு புடவையும் வாங்கிக் கொடுத்தார். இப்படி மூன்று முறை நடந்தது, மூன்று புடவை. நான்காம் முறை அத்தைக்கு ஒரு காது கேட்காமல் போனது. அதற்குப் பிறகும் அதே வீட்டில்தான் இருந்தார், போக வேறு இடம் இல்லை.

சத்தியத்தை மீறியவருக்கு அந்தப் பஞ்சாயத்தில் என்ன தண்டனை இருந்தது ஐயா? எனக்கு நினைவு தெரிந்து ஒன்றும் இல்லை. குடும்ப வன்முறைச் சட்டம் 1996 ஜூன் 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அத்தைக்கு அது எட்டவில்லை.

17 ஜனவரி, இரவு

பெரியவர் பதில் எழுதியிருக்கிறார், மரியாதையாக. அவர் பேரன் பேத்திகளை நினைத்துத்தான் கவலைப்படுகிறார். புரிகிறது. தங்கையின் பையனுக்கு அப்போது ஏழு வயது. அப்பாவை அழைத்துப் போனபோது அழுதான். அன்று இரவு முதல் படுக்கையை நனைப்பதும் நின்றுபோனது. இரண்டும் உண்மை. இரண்டையும் எழுதுகிறேன்.

19 ஜனவரி

தங்கை கதையை முழுதாகச் சொல்லுங்கள் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். மீறல் சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன்.

முதல் மீறல் தொலைபேசி. ஆணையில் அழைக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. ஒரே இரவில் நாற்பத்து மூன்று அழைப்பு. அளவு எடுக்கும் நோட்டில், ஒரு ரவிக்கை அளவுக்குக் கீழேயே, நேரம் நேரமாக எழுதிவைத்தேன். காலையில் தங்கையை அழைத்துக்கொண்டு ஒரு காவல் நிலையத்துக்குப் போனேன். முகப்பில் இருந்தவர் நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "புருஷன் பெண்டாட்டி விஷயம், கோபம் ஆறட்டும்" என்றார். தங்கை எழுந்துவிட்டாள். நான் ஆணையின் நகலை மேசைமேல் விரித்து, "இது மாஜிஸ்திரேட் கையெழுத்து. நான் குடும்பச் சண்டையைப் பற்றிப் பேச வரவில்லை, கோர்ட்டு உத்தரவு மீறப்பட்டதைப் பதிவு செய்ய வந்திருக்கிறேன். புகார் எண் கொடுங்கள், போய்விடுகிறேன்" என்றேன். இரண்டேகால் மணி நேரம் அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. எண் கிடைத்தது.

இரண்டாவது, அவன் வரவில்லை. அவன் தாயாரும் கூட்டாளி ஒருவனும் கடைக்கு வந்தார்கள். "கேஸை எடுக்காவிட்டால் அவன் பார்த்துக்கொள்வான், இல்லை நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்றார்கள். அவன் நேரில் வராததால் மீறல் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வேறு ஆளைத் தூண்டிவிட்டு வன்முறை செய்விக்கக் கூடாது என்ற வாசகத்தையும் ஆணையில் சேர்க்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. தங்கையின் ஆணையில் அது இருந்தது. அதையும் புகார் செய்தோம்.

இந்த இரண்டுக்கும் சேர்த்து அபராதம் விதித்தார்கள், 1,500 வெள்ளி. கட்டிவிட்டு வெளியே வந்து, வாசலில் என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவ்வளவுதானா என்று அன்று முழுக்கப் புலம்பினேன்.

மூன்றாவது, பின்பக்க வேலியால் ஏறி வந்தான். ஹெல்மெட்டால் ஓங்கியபோது தங்கை கையைக் குறுக்கே கொடுத்தாள். மணிக்கட்டு முறிந்தது. அன்று அந்த 1,500 வெள்ளி அபராதத்தின் மதிப்பு எனக்குப் புரிந்தது. அரசு தரப்பு வழக்கறிஞர் எழுந்து, முன்பே ஒரு மீறல், அதற்குத் தண்டனை, புகார் எண்கள் இவை என்று வரிசையாகப் படித்தார். அவன் வழக்கறிஞர் 'ஏதோ ஒரு கணத்துக் கோபம்' என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். ஆறு மாதம் சிறை. முதல் மீறலை நாங்கள் விழுங்கியிருந்தால், நீதிமன்றத்தின் கண்ணுக்கு அது முதல் தவறாகத் தெரிந்திருக்கும்.

20 ஜனவரி

ஒரு சிறு சேர்ப்பு. மணிக்கட்டை முறித்ததற்கு ஆணை மீறல் மட்டும் வழக்கு இல்லை. காயம் விளைவித்தது குற்றவியல் சட்டத்தின்கீழ் தனியாக வரும். காயப்படுத்தியவர் கணவனாகவோ மனைவியாகவோ இருந்தால், 326A பிரிவின்படி சிறைக்காலத்தின் உச்சவரம்பு இரட்டிப்பாகும். ஆகவே அடிபட்டவர்கள் நேராக அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், கணவர் அடித்தார் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று டாக்டர் எழுதிவிட்டால், பிறகு அந்த வரியோடுதான் நீங்கள் போராட வேண்டியிருக்கும்.

22 ஜனவரி

தனிச் செய்தியில் ஒருவர் கேட்டதை, அவர் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். "கோயிலில் தாலி கட்டினோம், பதிவு செய்யவில்லை. நான் மனைவியே இல்லை என்கிறார். எனக்கு ஆணை கிடைக்குமா?"

கிடைக்கும். இது நம் தோட்டப்புறத்தில் ஊருக்கு நாலு பேரிடம் இருக்கும் பயம். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். ஆனாலும் அடையாள அட்டை இல்லை, பிறப்புப் பத்திரம் இல்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தாலியோடு நின்றுவிட்டவர்கள் எத்தனையோ பேர். குடும்ப வன்முறைச் சட்டம் அவர்களையும் கணக்கில் எடுத்திருக்கிறது. மதப்படியோ வழக்கப்படியோ திருமணச் சடங்கு நடந்து சேர்ந்து வாழ்ந்திருந்தால், பதிவு இல்லாவிட்டாலும் அந்தச் சட்டத்தின் பார்வையில் அவர் துணைவர்தான். கல்யாண அழைப்பிதழ், மாலையோடு எடுத்த படம், பூசாரியின் சாட்சி, எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னாள் கணவரும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார். சடங்கே இல்லாமல் காதலித்தவர் அடித்தால் இந்தச் சட்டம் உதவாது. அது பெரிய குறை, மாற்றியே ஆக வேண்டிய குறை.

22 ஜனவரி, சற்று நேரம் கழித்து

வீட்டைப் பற்றியும் அதே பெண் கேட்டார். தோட்டத்து வீடு கணவர் பெயரில், அவர் வேலைக்காகக் கொடுத்தது. வெளியேற வேண்டியவர் தானா என்று.

வீடு யார் பெயரில் இருந்தாலும், அவரை வெளியே அனுப்பி வீட்டை உங்களுக்கு மட்டும் ஒதுக்கும்படி நீதிமன்றம் சொல்லலாம். ஆனால் உங்கள் பாதுகாப்புக்கு வேறு வழி இல்லை என்று மாஜிஸ்திரேட்டுக்குத் தோன்ற வேண்டும். வேறு தகுந்த இடம் கிடைத்துவிட்டால் அந்த நிபந்தனையை நீக்கவும் முடியும். என் தங்கை அதைக் கேட்கவில்லை. அந்த வீட்டுச் சுவரைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு அதிகாரியை உடன் அழைத்துப் போய்த் துணிமணி, பிள்ளையின் பள்ளிப் பை, அம்மிக்கல் மூன்றையும் எடுத்து வந்தோம். அப்படித் துணைக்கு வருவதும் சட்டப்படி அவர்கள் கடமை. அம்மிக்கல்லைத் தூக்கிய அந்த அதிகாரியை நான் மறக்க மாட்டேன்.

26 ஜனவரி

முதலில் கேட்ட தங்கை எழுதிவிட்டார்! ஆணையைப் படித்துப் பார்த்தாராம். நான் பயந்தபடியே வன்முறை கூடாது என்பது மட்டும்தான் இருக்கிறது. 50 மீட்டரும் இல்லை, தொலைபேசியும் இல்லை. சமூக நல இலாகா அதிகாரியோடு போய், நிபந்தனைகளைச் சேர்த்துத் தரும்படி மனு கொடுத்திருக்கிறார்கள். ஒட்டுக்கடையின் படம், தேதி போட்ட பட்டியல், பக்கத்து வீட்டுக்காரரின் சாட்சி, எல்லாம் சேர்த்து.

இன்னொன்றையும் அதிகாரியிடம் கேட்கச் சொன்னேன். 2023 மே 31 முதல் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது குற்றவியல் சட்டத்தின் 507A பிரிவின்கீழ் தனிக் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பயத்தையோ மனவேதனையையோ உண்டாக்கும் எண்ணத்தோடோ, அப்படி உண்டாகும் என்று தெரிந்தோ திரும்பத் திரும்பச் செய்திருக்க வேண்டும். ஆறு வாரம் தினமும் எதிரே வந்து உட்காருவது திரும்பத் திரும்ப இல்லையென்றால் வேறு எது?

2 பிப்ரவரி

நிபந்தனைகள் கிடைத்துவிட்டன. 50 மீட்டர், தொலைபேசி, வேலையிடம், கைது அதிகாரம். அவர் கையில் ஆணையைச் சேர்ப்பித்தும் ஆகிவிட்டது. அந்தத் தேதியைப் பத்திரப்படுத்துங்கள் தங்கச்சி. "எனக்குத் தாளே வரவில்லை" என்பதுதான் இவர்கள் எல்லாரும் பாடும் முதல் பாட்டு. தெரிந்தே மீறினார் என்று காட்ட, அவர் கையில் சேர்ந்ததற்கான பதிவு வேண்டும்.

4 பிப்ரவரி

"அக்காவே ஒரு நாள் அவரை அழைத்துப் பேசிவிட்டால்?" என்ற கேள்விக்கு. கோபமாகப் பதில் எழுதி, அழித்துவிட்டு, மறுபடியும் எழுதுகிறேன்.

என் தங்கையும் அழைத்தாள். பையனுக்குக் காய்ச்சல், இரவு பதினொரு மணி, கையில் பணமில்லை. என்னிடம் கேட்க வெட்கப்பட்டு அவனை அழைத்தாள். பிற்பாடு அதைச் சொல்லி அழுதபோது நான் அவளைத் திட்டினேன். திட்டியிருக்கக் கூடாது. ஆணை அவளைக் கட்டுப்படுத்துவதில்லை, அவனைத்தான் கட்டுப்படுத்துகிறது. அவள் கூப்பிட்டாலும் ஆணை அப்படியேதான் இருக்கும். நீக்குவதோ மாற்றுவதோ நீதிமன்றத்தின் வேலை. குடும்பத்தார் கூடிச் சமாதானம் செய்தாலும் அது காலாவதி ஆகாது. 12 மாதம் வரை செல்லும், தேவையானால் இன்னொரு 12 மாதம் வரை நீட்டிக்கக் கேட்கலாம்.

5 பிப்ரவரி

மேலே சொன்ன 12 மாதம், வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபின் கிடைக்கும் பாதுகாப்பு ஆணைக்கு. போலீஸ் விசாரணை நடக்கும்போது கொடுக்கும் இடைக்கால ஆணைக்கு அப்படி மாதக் கணக்கு இல்லை, விசாரணையோடு சேர்ந்து போகிறது. மேல் நடவடிக்கை இல்லை என்று போலீஸ் எழுத்துமூலம் தெரிவித்துவிட்டால் முடிந்துவிடும். குற்றம் சாட்டப்போவதாகச் சொன்னால், தாமதிக்காமல் அடுத்த ஆணைக்கு மனுச் செய்யுங்கள். நடுவே வெற்றிடம் விழுந்தால் அந்த நாட்களில் மீறல் என்று ஒன்று இருக்காது.

போலீஸுக்குப் போகவே நடுங்குகிறவர்களுக்கு 2018 முதல் அவசரப் பாதுகாப்பு ஆணை இருக்கிறது. சமூக நல அதிகாரி கொடுப்பது. மனுச் செய்த இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், ஏழு நாள் செல்லும், போலீஸ் புகார் தேவையில்லை. எண் 15999. அடி விழும் நேரமானால் 999.

12 பிப்ரவரி

நேற்றுத் தைப்பூசம். அக்கா பால்குடம் எடுத்தார். கணவர் கூட்டத்தில் பின்னால் வந்து, காதருகே, "குடத்தை இறக்கிவைத்ததும் வீட்டுக்கு வா" என்றாராம். அவ்வளவுதான் சொன்னது. அக்கா குடத்தைக் கீழே வைக்கவில்லை. சன்னிதி வரை நடந்து, பாலை ஊற்றி, திருநீறு வாங்கிக்கொண்டு, மஞ்சள் புடவை ஈரம் காயாமல் நேராகக் காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறார். ஆணை ஒரு பிளாஸ்டிக் உறையில் இடுப்பில் இருந்திருக்கிறது.

இம்முறை முகப்பில் ஒரு பெண் போலீஸ். ஆணையை வாங்கி முழுதும் படித்து, 'கைது அதிகாரம்' என்ற வரியின்மேல் விரலை வைத்து உள்ளே போய்க் காட்டினாராம். இரவுக்குள் அவரைப் பிடித்துவிட்டார்கள்.

கோயில் பொது இடமாயிற்றே என்று யாரோ கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். 50 மீட்டர் அந்தப் பெண்ணைச் சுற்றி இருக்கிறது, அவர் எங்கே நடந்தாலும் கூடவே நடக்கிறது.

4 மார்ச்

6-ஆம் தேதி வியாழக்கிழமை வழக்கு. வெள்ளிக்கிழமை கெடாவில் நீதிமன்றம் இல்லை, தள்ளிப்போட்டால் ஞாயிறுக்குத்தான் போகும். தண்டனை என்னவாக இருக்கும் என்று கேட்கிறார்கள். அடி இல்லை, முதல் மீறல். 2,000 வெள்ளிக்கு உட்பட்ட அபராதமாக முடியலாம், சிறையும் கொடுக்கலாம். குறைவாக வந்தால் மனம் உடைந்துவிடாதீர்கள். நான் ஒருமுறை உடைந்தேன், அது தவறு. தீர்ப்புத் தாளின் நகலைக் கேட்டு வாங்கி, ஆணையின் பின்னாலேயே வைத்துத் தைத்துவிடுங்கள்.

அக்காவுக்குத் துணைக்கு யாரும் இல்லை என்று தங்கை எழுதியிருக்கிறார். தோட்டத்தில் அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நான் வருகிறேன். காலை எட்டேகாலுக்கு நீதிமன்ற வாசலில் நிற்பேன், பச்சை பாத்திக் சட்டை, கழுத்தில் தையல் நாடா தொங்கும், கடையிலிருந்து நேராக வருவதால். என் தங்கையும் வருகிறாள்.